அம்மா பையைத் தொடாத ஒரு வசந்த நாள்

சில வருடங்களுக்கு முன்பு, வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினோம். நல்ல இடம், இதமான வெயில், மரம் முழுக்கப் பூ. பாயை விரித்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஆரஞ்சை நறுக்கக் கத்தி எங்கே என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கத்தி, அதைச் சுற்றிய துணி, காகிதத்தில் மடித்த உப்பு, இரண்டு பிளாஸ்டிக் பை (குப்பைக்கு ஒன்று, ஈரத்துணிக்கு ஒன்று) என வரிசையாக எடுத்து வைத்தார். அப்புறம் என்ன, அடுத்த ஒரு மணி நேரம் அவர் நறுக்க நறுக்க நாங்கள் சாப்பிட்டோம். அன்று எடுத்த நாற்பது சொச்சம் படங்களில் அம்மா இருப்பது மூன்றில்தான். மூன்றிலும் குனிந்து எதையோ உரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பிக்னிக் என்ற பெயரில் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்திருக்கிறோம், கூடவே அம்மாவையும். அதற்குப் பிறகு சில தடவை சொதப்பி, சில தடவை சரியாக அமைந்து, இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அன்றைக்கு நீங்கள் கொண்டுபோகும் சாப்பாடு, அம்மா இதுவரை செய்யாததாக இருக்கவேண்டும். அவருக்குத் தெரிந்த பண்டத்தை நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்துகொண்டு போனாலும், முதல் வாயிலேயே "உப்பு ஒரு கல் கம்மி" என்பார், இரண்டாவது வாயில் யாருக்குப் போதவில்லை என்று பார்ப்பார், மூன்றாவது வாய் வருவதற்குள் கரண்டி அவர் கைக்குப் போயிருக்கும். அது அவருடைய ராஜ்யம், அவரால் சும்மா இருக்க முடியாது. யாருக்குமே தெரியாத ஒரு பண்டத்தின் முன்னால் வீட்டில் எல்லோரும் ஒரே வரிசை. அம்மாவும் ஒரு விருந்தாளி.

தலைக்குள் ஓடும் பட்டியல்

கை வேலையை வாங்கிக்கொள்வது சுலபம். தலைக்குள் ஓடுகிற வேலைதான் கஷ்டம். "என்னென்ன எடுக்கணும்னு சொல்லும்மா, நாங்க எடுத்து வைக்கிறோம்" என்று ரொம்பப் பேர் கேட்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், நினைவில் வைப்பது, விட்டுப்போனது எது என்று பார்ப்பது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கணக்குப் போடுவது எல்லாம் இன்னும் அவரிடமே இருக்கிறது. நாம் சுமை தூக்கும் ஆள், அவ்வளவுதான்.

அதனால் கேட்காதீர்கள், கவனியுங்கள். இதற்கு முன் வெளியே போனபோது அம்மாவின் பையிலிருந்து என்னென்ன வெளியே வந்தது என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். கத்தி, துண்டு, ஈரத் துடைப்பான், பிளாஸ்திரி, தலைவலி மாத்திரை, குழந்தைக்கு மாற்றுத்துணி, ஊக்கு, ரப்பர் பேண்டு, குப்பைப் பை. அதைவிடச் சரியான பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்காது. அதில் இருப்பதையெல்லாம் உங்கள் பையில் போட்டுவிட்டால், புறப்படும் காலையில் அவர் கைப்பையில் கண்ணாடி, ஃபோன், அவருடைய மருந்து, இந்த மூன்றுக்கு மேல் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

வேலையைப் பிரிக்கும்போது ஒரு முழுப் பொறுப்பாக ஒருவரிடம் கொடுங்கள். ஒருவர் சாப்பாடு முழுக்க, வாங்குவதிலிருந்து மிச்சத்தைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது வரை. ஒருவர் பொருள்கள். ஒருவர் ஆட்கள், அதாவது சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடுவது, பெரியவர்களுக்குக் கழிவறை எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது. வழியில் சந்தேகம் வந்தால் அந்தந்த ஆள் தானே முடிவெடுக்கவேண்டும். தப்பாகப் போனாலும் பரவாயில்லை, அம்மாவைக் கேட்கக்கூடாது.

சும்மா உட்காரத் தெரியாத அம்மாக்களும் உண்டு. கையைக் கட்டிப்போட்டதுபோல் தவிப்பார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்காதீர்கள், அதிகாரம் கொடுங்கள். எந்த மரத்தடியில் உட்காருவது, எதை முதலில் ருசி பார்ப்பது, எப்போது கிளம்புவது எல்லாம் அவர் சொல்படி.

நாளும் இடமும்

பூமியின் வடபாதியில் மார்ச் 20 அல்லது 21 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும்போது வசந்தம் தொடங்கியதாகக் கணக்கு. தென்பாதியில் அது செப்டம்பர் 22, 23 வாக்கில். பல நாடுகள் அன்னையர் தினம் கொண்டாடுவது மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அதாவது வடக்கே இருப்பவர்களுக்கு வசந்தத்தின் நடுவில். பிரிட்டனில் அது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிடும்.

இந்த நாளின் கதை கொஞ்சம் வேடிக்கையும் கொஞ்சம் வருத்தமும் கலந்தது. அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் என்ற பெண், 1905இல் இறந்துபோன தன் அம்மாவின் நினைவாக 1908ஆம் ஆண்டு மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்தில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார், அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அங்கே அனுப்பி வைத்தார். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் அதை நாடு தழுவிய நாளாக அறிவித்தார். ஆங்கிலத்தில் அந்த நாளின் பெயரில் 'அம்மா' ஒருமையில்தான் இருக்கவேண்டும் என்பதில் ஆனா ஜார்விஸ் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணக்கம் போடுவதில் அவருக்கு ஆர்வமில்லை, அவரவர் தன் வீட்டு அம்மாவை நினைக்கவேண்டும். பிறகு பூக்கடையும் வாழ்த்து அட்டையும் மிட்டாய்ப் பெட்டியும் அந்த நாளைப் பிடித்துக்கொள்ள, அதே பெண் மிச்ச வாழ்நாளெல்லாம் அந்த வியாபாரத்தை எதிர்த்துச் சண்டை போட்டார்.

ஆகவே என் யோசனை, அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். அன்று எல்லா இடத்திலும் கூட்டம், உட்கார இடம் பிடிப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ, முடிந்தால் வார நாளில் லீவு போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று இல்லாமல் நேரே வெயில் ஏறிவிடுமானால், காலை ஆறரை மணியை வசந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

இடத்தைப் படத்தில் பார்த்து முடிவு செய்யவேண்டாம். பூத்துக் குலுங்குகிற மேடு அழகாகத்தான் இருக்கும், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அங்கே போக இருபது நிமிடம் ஏறவேண்டும் என்று படத்தில் தெரியாது. ஒருவர் முன்னதாகப் போய் நடந்து பார்த்துவிட்டு வருவது நல்லது. கழிவறை எவ்வளவு தூரம், பத்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம், தரை ஈரமா, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். வசந்தத்தில் மேலே புல் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், பாய்க்குக் கீழே தண்ணீர் புகாத ஒரு விரிப்பு போடுங்கள். முழங்கால் வலி இருக்கிற அம்மாவுக்குப் பாயே வேண்டாம். முதுகும் கைப்பிடியும் உள்ள மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரை மட்டும் உயரத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் எல்லோரும் கீழே வட்டம் போட்டுப் பேசாதீர்கள். கூட இன்னொருவரும் நாற்காலியில் உட்காருங்கள்.

வசந்தத்து வெயில் ஏமாற்றுக்காரன். காற்று சில்லென்று இருப்பதால் தோல் சுடுவது தெரியாது. யூவி குறியீடு (வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்) 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, நிழல், எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் எல்லாம் தேவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசவும் வேண்டும். காலையில் குளிரும், மதியம் புழுங்கும், அதனால் ஒரே கனமான உடைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று. மகரந்த ஒவ்வாமை இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், காய்ந்த, காற்று பலமாக வீசும் நாளைத் தவிருங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு கிளம்பினால் அவர்களுக்கு நிம்மதி.

மொத்த நேரம் மூன்று, மூன்றரை மணி போதும். அதற்கு மேல் போனால் யாராவது ஒரு பிள்ளை அழும், அதைச் சமாதானம் செய்ய யார் எழுந்து போவார் என்று உங்களுக்கே தெரியும்.

என்ன கொண்டுபோவது

பிறந்த குழந்தை நாக்கில் முதன்முதலாக உணரும் பல சுவைகள் அம்மா சாப்பிட்டதிலிருந்து வந்தவை. ஜூலி மென்னெல்லா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ தாய்ப்பால் கொடுக்கும் ஆரம்ப மாதங்களிலோ கேரட் சாறு குடித்துவந்த பெண்களின் குழந்தைகளுக்குப் பின்னால் கேரட் கலந்த கூழ் கொடுத்தபோது, சாதாரணக் கூழுக்குச் சுளித்ததைவிட அவர்கள் குறைவாகவே முகம் சுளித்தார்கள்; தண்ணீர் மட்டும் குடித்த பெண்களின் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பனிக்குட நீரிலும் பாலிலும் அந்த ருசி போய்ச் சேர்ந்திருக்கிறது. நமக்குப் புது ருசி காட்டிய முதல் ஆள் அவர், இப்போது நம் முறை.

மூன்று புதுப் பண்டங்கள் போதும். அதற்கு மேல் போனால் எது எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கூடவே எல்லோருக்கும் பழக்கமான ரொட்டி மாதிரி வயிற்றை நிரப்பும் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், மூன்றுமே பிடிக்காமல் போனாலும் யாரும் பட்டினி கிடக்கக்கூடாது. மூன்றில் ஒன்று பழம், ஒன்று காய், ஒன்று கொஞ்சம் அழுத்தமான மணமுள்ளது (நன்றாக முதிர்ந்த சீஸ், புளிக்கவைத்த காய், ஆலிவ் இப்படி) என்று வைத்தால் ருசி ஒன்றோடொன்று மோதாது.

காயில் என் தேர்வு ஆர்டிசோக். முழுசாக விரியாத பெரிய பூமொட்டு அது, பல இடங்களில் வசந்தம்தான் அதன் முக்கியப் பருவம். முனையையும் முள்ளையும் வெட்டிவிட்டு அளவைப் பொறுத்து 30 முதல் 45 நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு எடுத்துப்போகலாம். ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, அடிப்பக்கத்தை எலுமிச்சையும் எண்ணெயும் கலந்த சாற்றில் தொட்டு, பல்லால் வழித்து உள்சதையை மட்டும் சாப்பிட்டு மிச்சத்தைப் போடவேண்டும். இதழெல்லாம் தீர்ந்ததும் நடுவில் பஞ்சுபோல் முடி வரும், அதைக் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டால் அடியில் இருக்கும் குருத்து மெத்தென்று அவ்வளவு ருசி. இதை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்குக் காரணம், யாரும் யாருக்கும் உரித்துக் கொடுக்க முடியாது. அவரவர் பிய்த்து அவரவர் கடிக்கவேண்டும். அம்மா தன் இதழைத்தான் சாப்பிட்டாக வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொரு விளையாட்டும் அதில் இருக்கிறது. ஆர்டிசோக் சாப்பிட்ட உடனே வெறும் தண்ணீர் குடித்தால் சிலருக்குத் தண்ணீர் இனிக்கும். அதில் உள்ள சைனரின் போன்ற பொருள்கள் நாக்கில் செய்யும் வேலை அது, சில நிமிடத்தில் போய்விடும். நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், இன்னொரு மடக்குக் குடித்தார், "யாருடா இதுல சர்க்கரை போட்டது?" என்று என்னைத்தான் முறைத்தார். என் தங்கைக்கோ ஒன்றுமே இனிக்கவில்லை, அவள் எங்கள் எல்லோரையும் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டாள். அன்று சிரித்த சிரிப்புக்கு அந்த ஒரு காய் போதும்.

பிள்ளைகள் இருந்தால் தோலோடு பச்சைப் பட்டாணி வாங்கிப்போங்கள். பறித்த நிமிடத்திலிருந்து பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும், அதனால் அன்று பறித்ததற்கும் நாலு நாள் கடந்ததற்கும் ருசியில் அவ்வளவு வித்தியாசம். பட்டாணியே சாப்பிடாத பிள்ளைகூடத் தன் கையால் தோலைப் பிளந்தால் இரண்டு மணியாவது வாயில் போட்டுப் பார்க்கும்.

மருந்து, ஒவ்வாமை, குளிர்ச்சி

ஆசையாக வாங்குவதற்கு முன் அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் விளையாட்டாக எடுக்கவேண்டாம். கிரேப்ஃப்ரூட், சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளோடும் ஃபெலோடிபின் போன்ற சில இரத்த அழுத்த மாத்திரைகளோடும் சேர்ந்தால் மருந்தின் அளவு உடம்பில் ஏறிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது, அதிலுள்ள நச்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும். அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தம் கூடும். இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுபவர் திடீரென்று ஒரு நாள் கீரை வகைகளை அள்ளிச் சாப்பிடக்கூடாது, வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிர்வேலை செய்யும். சந்தேகம் என்றால் மருந்துக்கடைக்காரரிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை.

வசந்தத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பிர்ச் மர மகரந்தம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பச்சையாக ஆப்பிள், செர்ரி, கேரட் சாப்பிட்டால் உதடும் தொண்டையும் அரிக்கும். அந்த மகரந்தத்திலும் இந்தப் பழம், காய்களிலும் இருக்கும் புரதம் ஏறக்குறைய ஒரே சாயல், உடம்பு ஆளை மாற்றிப் பிடிக்கிறது. வேகவைத்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. மற்றபடி பால், முட்டை, நிலக்கடலை, மற்ற கொட்டைகள், கோதுமை, சோயா, மீன், நண்டு இறால் வகை, எள் இவற்றில் ஒன்று யாருக்காவது ஆகாது என்றால் வாங்கும் பொருளின் உறையைப் படியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையும் முழுக் கொட்டையும் தொண்டையில் அடைக்கும், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

போகும் இடத்தில் முளைத்திருக்கும் இலையையும் காளானையும் பறித்துச் சமைக்கும் ஆசை சிலருக்கு வரும். நூறு சதவீதம் தெரிந்த ஆள் கூட இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் வசந்தத்தில் பறிக்கும் காட்டுப் பூண்டு இலையும் விஷமுள்ள லில்லி ஆஃப் தி வேலி இலையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், நாலு நிஜப் பூண்டு இலை பறித்த பிறகு உங்கள் கையே பூண்டு வாசம் அடிக்கும்.

குளிர்ச்சியில் வைக்கவேண்டியதை 5 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். வெளியே எடுத்து வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நறுக்கிய முலாம்பழம், வேகவைத்த சோறு, முட்டை, இறைச்சி, பால் பொருள்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஐஸ் பெட்டிக்குத் தனியாக ஐஸ் வாங்கவேண்டாம், முந்தின இரவே தண்ணீர் பாட்டில்களில் முக்கால் பங்கு நிரப்பி ஃப்ரீசரில் போடுங்கள். பெட்டியைக் குளிர வைக்கும், உருகினால் குடிக்கத் தண்ணீர்.

ருசி பார்ப்பது எப்படி

தட்டில் குவிக்காதீர்கள். கட்டை விரல் நகம் அளவு ஒரு துண்டு போதும், பிடித்தால் இன்னும் கேட்பார்கள். மெல்லிய ருசியிலிருந்து அழுத்தமான ருசிக்குப் போங்கள், இனிப்பு கடைசியில். நடுவில் ஒரு வாய் வெறும் ரொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர். சீஸையும் பழத்தையும் அரை மணி முன்னதாகவே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், சில்லென்று இருந்தால் இனிப்பும் மணமும் அடங்கியே இருக்கும்.

முதல் வாய்க்கு மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு துண்டு ஸ்ட்ராபெரியை மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்றால் இனிப்பும் புளிப்பும்தான் தெரியும், விரலை எடுத்த நொடியில் ஸ்ட்ராபெரி வந்து நிற்கும். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. பிள்ளைகளுக்கு இது மாயவித்தை மாதிரி. அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு இது வேறொன்றையும் விளக்கும். வயதாக ஆக மோப்ப சக்தி குறைவது சகஜம், இரத்த அழுத்தத்துக்குத் தரும் கேப்டோபிரில் மாதிரி சில மருந்துகளும் ருசியைக் கெடுக்கும். "இப்பல்லாம் எதுவுமே ருசிக்க மாட்டேங்குது" என்று அவர் சொல்வது உங்கள் சமையலைக் குறை சொல்வதாக இருக்கவேண்டியதில்லை. மொறுமொறுப்பு, புளிப்பு, நறுக்கிய உடனே மணக்கும் மூலிகை இலை இவையெல்லாம் அவருக்கு எடுபடும், மூன்றில் ஒன்றை அவரை நினைத்தே தேர்ந்தெடுங்கள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், முகம் கோணாமல் இருக்கவேண்டுமே. அதனால் வேறு மாதிரி கேளுங்கள். இது எதைப் போல இருக்கிறது? சீஸ் ஒன்றை ருசி பார்த்த என் அக்கா மகன் "மழையில் நனைஞ்ச சாக்ஸ்" என்றான். அம்மா அதை மறுத்து, "பழைய புத்தக அலமாரி" என்றார். இருவருமே சாப்பிட்டு முடித்தார்கள்.

பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அம்மாவையும்தான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு, ஒரு பண்டத்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொன்ன வழி எனக்குப் பிடிக்கும்: எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. துப்ப ஒரு காகிதக் குவளை நடுவில் இருக்கட்டும், அதில் யாரும் வெட்கப்படவேண்டாம்.

பேச்சும் படமும்

வாசனைக்கான நரம்புப் பாதை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிக அருகில் போகிறது. புது ருசி ஒன்று வாயில் இருக்கும்போது அம்மாவிடம் பழையதைக் கேட்டால் வராததெல்லாம் வரும். அம்மாவாக ஆவதற்கு முந்தின காலத்தைக் கேளுங்கள். சின்ன வயதில் எதைச் சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடித்தாய்? யாருக்கும் தெரியாமல் எதைத் தின்றாய்? நீ முதன்முதலில் சமைத்து யாருமே சாப்பிடாமல் வைத்தது எது? எங்கள் அம்மா எங்களுக்குப் பரிமாறியே பழகிய ஒரு காய் தனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்று அன்றுதான் சொன்னார். முப்பது வருடம் அதை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஃபோனை மடியில் வைத்துக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், சொல்லிவிட்டே செய்யுங்கள்.

நன்றியை வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் வாங்குபவரின் சங்கடத்தை அதிகமாகவும் அவருடைய மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணக்குப் போட்டிருந்தார்கள். நடை சரியாக இருக்குமா என்று கவலைப்படுவது எழுதுபவர்தான். அரைப் பக்கம் போதும். "எங்களுக்காக எவ்வளவோ செய்தாய்" என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் பொருந்தும். பரீட்சைக்கு முந்தின இரவு விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, வேலை போன மாதம் ஒரு கேள்வியும் கேட்காமல் காபி கொண்டுவந்து வைத்தது, இப்படி உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லவும் வேண்டாம், கைப்பையில் வைத்துவிடுங்கள். கத்தி இருந்த இடம் இப்போது காலிதானே.

படம் எடுக்கும் வேலையை அம்மாவிடமிருந்து வாங்கிவிடுங்கள். வரிசையாக நிற்க வைத்து எடுப்பது ஒன்று போதும், மற்றதெல்லாம் அவர் கவனிக்காதபோது. எண்ணிப் பாருங்கள், எத்தனை படத்தில் அவர் கை காலியாக இருக்கிறது என்று. அந்த நாள் எப்படிப் போனது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான்.

அம்மா நடமாட முடியாத நிலையில் இருந்தால் ஜன்னலோரமோ மொட்டை மாடியோ போதும், மூன்று பண்டமும் ஒரு மணி நேரமும் அங்கேயும் செல்லும். அம்மா இல்லாதவர்கள், அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், அந்த இடத்தில் நின்று வளர்த்தவர் யாரோ, பாட்டியோ சித்தியோ அக்காவோ, அவரைக் கூப்பிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லோரும் களைத்துப்போய்ச் சோபாவில் சாய, ஐஸ் பெட்டி நடுக்கூடத்தில் கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே அம்மாவால் உட்கார முடியாது. காலணியைக் கழற்றுவதற்கு முன் பெட்டியைக் காலி செய்யுங்கள். இரண்டு மணி நேரக் கணக்கைத் தாண்டியதை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து, விரிப்பை உதறிக் காயப்போட்டு, பாட்டில்களை மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். அம்மா எழுந்து வந்து ஒரு டப்பாவின் மூடி எங்கே என்று தேட ஆரம்பித்தால், அந்த மூடி தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், நாளைக்கு நீங்கள் தேடிக்கொள்ளலாம்.